பல்லக்கைச் சுமந்த தோள்

வரலாற்று மாந்தரை நினைவில் நிறுத்த ஓவியம், எழுத்து என இரு வழிகள் உண்டு. இஸ்லாமிய அறிவுலகம் பெரிதும் இரண்டாவதையே தேர்ந்துகொண்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருத்தோற்றத்தையும் இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் தமது ‘ஷமாயில்’ நூலில் சொற்களாலேயே காத்துத் தந்தார்கள்.

இவ்வெண்ணத்துடனேயே அண்மையில் நெமிலிச்சேரியிலிருந்து புறநகர் ரயிலேறி, சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். ஐம்பது வயதைக் கடந்த பின்னரே இவ்வாய்ப்புக் கிட்டியது. அரபுக் கல்லூரிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அருங்காட்சியகத்திற்கும் அன்றே விடுமுறை!

1795இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடம் 1948 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. பிரிட்டிஷ் அரச குடும்பத்தினர், சென்னை ஆளுநர்கள் ஆகியோரின் பெரிய ஓவியங்களோடு கர்னாடக நவாபுகளின் உருவங்களும் அங்கே உள்ளன. அவற்றின் முன் நின்றபோது நம் சிந்தை நவாப் முஹம்மது அலி வாலாஜாவிடம் சென்றது. 1749 முதல் 1795 வரை நவாபாக இருந்த அவரை டில்லி கெட்டில், ஜார்ஜ் வில்லிசன் ஆகிய பிரிட்டிஷ் ஓவியர்கள் வரைந்தனர். வெண்ணிற ஆடை, முத்துமாலை, வாள் என முழு அரச கோலம். ஆனால், அக்கோலத்திற்குப் பின்னால் கம்பெனி அலுவலர்களிடம் வட்டிக்குப் பட்ட பெருங்கடன் இருந்தது. அக்கடன் குறித்து 1785இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே உரையாற்றினார். 1801இல் ஆட்சியதிகாரம் கம்பெனியின் கைக்குப் போனது. 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்ததும், நவாப் பட்டத்தையும் கம்பெனி ஒழித்தது.

எந்த ஓவியரும் வரையாத வாலாஜா ஒருவர் உண்டு. தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் புதல்வர் அல்லாமா அப்துல் அலீ பஹ்ருல் உலூம் (ரஹ்) சென்னைக்கு வந்தபோது, நவாபே அவர்களின் பல்லக்கிற்குத் தோள் கொடுத்தார் என்பது ஃபரங்கி மஹல் அறிஞர் மரபு பேணிவரும் செய்தி. இதில் குலப்பெருமை கலந்திருக்கலாம். நவாபின் அவையில் எழுதப்பட்ட பாரசீக வரலாறான ‘துஸுகே வாலாஜாஹி’யிலும் புகழ்ச்சி மிகுதியே. ஆதலின் ஓவியத்தை ஐயுறும் நாம் எழுத்தையும் ஆய்ந்தே ஏற்றல் வேண்டும். அதற்கு முதலில் அதனைப் படித்தாக வேண்டுமே! சென்னைப் பல்கலைக்கழக அரபுப் பேராசிரியர் முஹம்மது ஹுசைன் நைனார் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1934இல் அதன் முதற்பகுதி வெளிவந்தது. நம் மாணவர்களில் எத்தனை பேர் அதனைக் கண்டிருப்பர்?

1810இல் மறைந்த பஹ்ருல் உலூம் அவர்கள் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார்கள். அவர்களின் தந்தையார் வகுத்த பாடத்தை ஆண்டுதோறும் நடத்தும் நாமும் அப்பள்ளியில் பன்முறை தொழுதிருக்கிறோம். அங்கே துயில்பவர் யாரென ஒருமுறையேனும் மாணவர்க்குச் சொன்னதில்லை. அக்குறையை ஓவியங்களின் முன் நின்றபோதே உணர்ந்தோம். இனி நம் மாணவர்களைக் கோட்டைக்கும் அழைத்துச் செல்வோம். அங்கிருந்து திருவல்லிக்கேணிக்கும் அழைத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.