குகையில் வாழ்ந்த குவேக்கர்

குவேக்கர் என்போர் போரையும் ஆடம்பரத்தையும் வெறுத்த கிறிஸ்தவப் பிரிவினர். ஆயினும், அவர்களுட் செல்வர் பலர் அடிமைகளை வைத்திருக்க நெடுங்காலம் கூசவில்லை.

1682இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பிறந்தவர் பெஞ்சமின் லே. நான்கடி உயரமே உடையவர், முதுகு கூனியவர். ஆடு மேய்த்தார், கையுறை தைத்தார், கப்பலில் உழைத்தார். பார்படோஸ் தீவில் கடை வைத்திருந்தபோது அடிமைகள் பட்ட துயரைக் கண்கூடாகக் கண்டார். 1732இல் பென்சில்வேனியாவிற் குடியேறியபின், அபிங்டனில் குகை வீடொன்றில் தங்கிக் காய்கனி விளைவித்தும் தேனீ வளர்த்தும் வாழ்ந்தார். உடுக்கும் துணியையும் தாமே நூற்றுக்கொண்டார். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையைத் தொடவும் மாட்டார்.

1738இல் பிலடெல்பியா குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டம் பர்லிங்டனில் நடைபெற்றது. லே எழுந்து மேலங்கியைக் களைந்தார்; உள்ளே போர்வீரன் உடை! கையிலிருந்த புத்தகத்தை வாளாற் குத்தினார். அதனுள் மறைத்திருந்த பையினின்று செந்நிறப் பழச்சாறு பீறிட்டு அருகிருந்தோர்மேல் தெறித்தது. அடிமை கொள்வோரின் குருதியை இறைவன் இவ்வாறே சிந்துவான் என்பது அவர்தம் எச்சரிக்கை. அவரைத் தூக்கி வெளியே விட்டனர், சங்கத்தினின்றும் நீக்கினர். முந்திய ஆண்டு அவருடைய நூலை அச்சிட்ட பெஞ்சமின் பிராங்க்ளினோ அதில் தம் பெயரையே பொறிக்கவில்லை. அச்சமோ, வாணிப விவேகமோ!

1758இல் அதே ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வாங்கி விற்கும் உறுப்பினர்மீது நடவடிக்கை எடுக்கத் தீர்மானித்தது. அப்போது லேயின் வயது 76. மறு ஆண்டு அவர் மறைந்தார். அதுவரையிலும் சங்கம் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.