விண்கல்லும் விலையும்: கேப் யார்க், வில்லாமெட் இரும்புகளின் உடைமை வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அரிய விண்கற்களைத் தேடிச் சேகரிப்பதும் விலைக்கு வாங்குவதும் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய வழக்கங்கள் ஆகும். இவற்றை அறிவியல் வளர்ச்சியின் பகுதியாக மட்டும் காண்பது பொதுவான போக்கு. கிரீன்லாந்தின் கேப் யார்க் இரும்புகளும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வில்லாமெட் இரும்பும் நியூயார்க் நகரின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை வந்தடைந்த முறையை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. 'கண்டுபிடிப்பு', 'உடைமை', 'விலை' ஆகிய மூன்று படிகளைக் கடந்தே ஒரு விண்கல் அருங்காட்சியகப் பொருளாகிறது என்பதையும், ஒவ்வொரு படியிலும் அக்கல்லை முன்பே அறிந்திருந்த மக்களின் இடம் சுருங்கியது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: விண்கல், கேப் யார்க், வில்லாமெட், இனுகுயிட் மக்கள், கிளாக்கமஸ் மக்கள், உடைமை, அருங்காட்சியகம்.

முன்னுரை

வானிலிருந்து விழுந்த கல் யாருக்குச் சொந்தம்? விழுந்த நிலத்தின் உரிமையாளருக்கா, முதலில் எடுத்தவருக்கா, அரசுக்கா, தலைமுறை தலைமுறையாக அக்கல்லோடு வாழ்ந்த மக்களுக்கா? விண்கல்லுக்குச் சந்தை விலை இல்லாத காலத்தில் இக்கேள்வி வழக்குமன்றம் வரை செல்ல வேண்டிய தேவை எழவில்லை. விலை உருவான பின்னரே உடைமை பற்றிய விளக்கம் கட்டாயமாயிற்று. எனவே விண்கல் வணிகத்தின் வரலாறு என்பது ஒரு வகையில் உடைமைக் கருத்தின் வரலாறும் ஆகும்.

1. விண்கல் விலைபொருளான பின்னணி

18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை ஐரோப்பிய அறிஞர் பலர் வானிலிருந்து கல் விழும் என்பதை நாட்டுப்புற நம்பிக்கை எனத் தள்ளினர். 1794இல் எர்ன்ஸ்ட் கிளாட்னி என்னும் ஜெர்மானிய அறிஞர் இத்தகைய கற்களும் இரும்புத் திரள்களும் விண்வெளியிலிருந்து வருபவை என்று வாதிட்டு நூல் வெளியிட்டார். 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சின் லேகிள் ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான கற்கள் பொழிந்தன. அரசின் சார்பில் அங்குச் சென்ற ழான் பாப்டிஸ்ட் பியோ, ஊர் ஊராக மக்களை விசாரித்து அளித்த அறிக்கை ஐயத்தைப் பெரிதும் அகற்றியது. உழவர்களின் சாட்சியத்தை அறிவியல் ஏற்றுக்கொண்ட அரிய தருணம் அது.

இதன் பின்னர் வியன்னா, லண்டன், பாரிஸ் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்கள் விண்கற்களைப் போட்டியிட்டுத் திரட்டின. ஒரே விண்கல்லைப் பல துண்டுகளாக அறுத்துப் பரிமாறிக்கொள்வது வழக்கமாயிற்று. அமெரிக்காவில் ராசெஸ்டர் நகரின் ஹென்றி வார்ட் இயற்கைப் பொருள் வணிகத்தை ஒரு தொழிலாகவே வளர்த்தார். அவர் திரட்டிய வார்ட்-கூன்லி விண்கல் தொகுப்பு அவருடைய மறைவுக்குப் பின் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்திற்கு விற்கப்பட்டது. வணிகரும் அறிஞரும் ஒருவராகவே இருந்த காலம் அது.

2. கேப் யார்க் இரும்பு

1818இல் ஜான் ராஸ் தலைமையிலான பிரித்தானியக் கப்பல்கள் வடமேற்குக் கிரீன்லாந்தின் கரையை அடைந்தன. அங்கு வாழ்ந்த இனுகுயிட் மக்களிடம் எலும்புப் பிடியில் இரும்புச் செதில்களை வரிசையாகப் பொருத்திய கத்திகள் இருந்தன. தாது உருக்கும் தொழில் இல்லாத நிலத்தில் இரும்பு எவ்வாறு வந்தது என வினவியபோது, மலைப்பகுதியிலுள்ள இரும்புப் பாறைகளிலிருந்து எடுத்ததாக அவர்கள் கூறினர். இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட இரும்பில் நிக்கல் இருப்பது சோதனையில் தெரியவந்ததால், அது விண்ணிலிருந்து வந்தது என்ற கருத்து வலுப்பெற்றது.

அந்த இரும்பை அவர்கள் உருக்கவில்லை. பாறையைக் கற்களால் அடித்துச் சிறு செதில்களைப் பெயர்த்து, குளிர்நிலையிலேயே தட்டிக் கூராக்கினர். 'பெண்' என்று அவர்கள் அழைத்த இரும்புத் திரளைச் சுற்றிப் பசால்ட் சுத்தியல் கற்கள் பெருமளவில் குவிந்து கிடந்தன. அப்பாறை வகை அவ்விடத்திற்கு உரியதன்று. தொலைவிலிருந்து சுமந்து வரப்பட்டது. இவ்விரும்பின் செதில்கள் கனடிய ஆர்க்டிக் பகுதியின் தூலே பண்பாட்டு வாழிடங்களிலும் கிடைத்துள்ளன. எனவே கேப் யார்க் இரும்பு நூற்றாண்டுகளாகச் செயல்பட்ட ஒரு சுரங்கமாகவும் நெடுந்தொலைவு வணிகத்தின் ஊற்றாகவும் விளங்கியது எனலாம்.

அதன் பயன்பாட்டிற்கு வரம்பும் இருந்தது. அமெரிக்கப் பயணி ராபர்ட் பியரி பதிவு செய்த ஒரு மரபுக் கதையின்படி, சிலர் 'பெண்'ணின் தலைப்பகுதியை உடைத்துச் சறுக்குவண்டியில் ஏற்றிச் சென்றனர். வழியில் கடற்பனி உடைந்தது. தலையும் வண்டியும் இழுத்துச் சென்ற நாய்களும் நீரில் மூழ்கின. அதன் பின் சிறு செதில்களுக்கு மேல் யாரும் எடுக்கவில்லை என்கிறது அக்கதை. பொதுவளத்தை ஒருவர் முழுமையாகக் கைக்கொள்ளலாகாது என்னும் நெறியாக இதனை வாசிக்க இடமுண்டு.

ராஸுக்குப் பின் வந்த பயணக் குழுக்களால் அப்பாறைகளைக் காண இயலவில்லை. 1894இல் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் பியரியை அவ்விடத்திற்கு அழைத்துச் சென்றார். அதற்குக் கைம்மாறாக அவர் பெற்றது ஒரு துப்பாக்கி. 1895இல் ஏறத்தாழ 3 டன் எடையுள்ள 'பெண்'ணும் 400 கிலோ எடையுள்ள 'நாய்' என்னும் திரளும் கப்பலேறின. 'கூடாரம்' எனப்பட்ட 31 டன் இரும்பு 1897இல் நியூயார்க்கை அடைந்தது. கப்பலில் அதற்குப் பியரியின் மகளின் பெயரான 'அனிகிட்டோ' சூட்டப்பட்டது. இன்றும் அதுவே வழங்குகிறது. திமிங்கில வேட்டைக் கப்பல்களோடு நடந்த பண்டமாற்றால் இனுகுயிட் மக்களுக்கு வேறு இரும்பு கிடைத்துவந்தது உண்மையே. ஆயினும் தேவை குறைந்தது என்பது உரிமை நீங்கியது என்பதற்கு ஈடாகாது.

அதே கப்பலில் ஆறு இனுகுயிட் மக்களும் நியூயார்க்கிற்கு அழைத்து வரப்பட்டனர். 1898ஆம் ஆண்டிற்குள் அவர்களுள் நால்வர் நோயால் இறந்தனர். ஒருவர் ஊர் திரும்பினார். மினிக் என்னும் சிறுவன் மட்டும் அங்கேயே தங்க நேர்ந்தது. அவனுடைய தந்தை கிசுக்கின் உடலை அடக்கம் செய்ததுபோல் ஒரு சடங்கு நிகழ்த்தப்பட்டது. எலும்புகளோ அருங்காட்சியகத் தொகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தன. 1909இல் அருங்காட்சியகம் மூன்று இரும்புகளையும் 40,000 டாலருக்கு வாங்கியது. மறைந்த தலைவர் மாரிஸ் ஜெசப்பின் துணைவியார் அத்தொகையை அளித்தார். மினிக் கிரீன்லாந்துக்குத் திரும்பியதும் அதே 1909இல்தான். தந்தையின் எலும்புகள் அவனோடு செல்லவில்லை. இறந்த நால்வரின் எச்சங்களும் 1993இலேயே கானாக் ஊருக்குத் திரும்பி அடக்கம் செய்யப்பட்டன. கல்லும் மனிதரும் ஒரே வரிசையில் 'மாதிரி'களாக எண்ணப்பட்டனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. நிலமும் கல்லும்: இரு தீர்ப்புகள்

கேப் யார்க் இரும்பின் உடைமை எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படவில்லை. அமெரிக்க மண்ணில் கிடைத்த விண்கற்களோ வழக்குகளுக்கு வழிவகுத்தன. 1890 மே 2 அன்று ஐயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி அருகே 66 பவுண்டு எடையுள்ள கல் ஒன்று விழுந்தது. புல்வெளியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரின் இசைவுடன் ஒருவர் அதனைத் தோண்டியெடுத்து, வின்செல் என்பவருக்கு 105 டாலருக்கு விற்றார். நில உரிமையாளர் காடர்ட் வழக்குத் தொடுத்தார். இயற்கையாக மண்ணில் வந்து சேர்ந்த பொருள் மண்ணின் பகுதியே என்று 1892இல் ஐயோவா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்டெடுத்தவருக்கு உரிமை இல்லை என்னும் விதி இவ்வாறு பிறந்தது.

இவ்விதி வில்லாமெட் வழக்கில் மேலும் சிக்கலான சூழலில் சோதிக்கப்பட்டது. 1902இல் எல்லிஸ் ஹியூஸ் என்னும் குடியேறி, ஓரிகன் இரும்பு எஃகு நிறுவனத்தின் நிலத்தில் ஏறத்தாழ 15 டன் எடையுள்ள இரும்புத் திரளைக் கண்டார். தம் மகனுடனும் ஒரு குதிரையுடனும், மரத்தாலான வண்டியையும் சுழல் உருளையையும் கொண்டு, ஏறத்தாழ மூன்று மாதம் உழைத்து அதனை முக்கால் மைல் நகர்த்தித் தம் நிலத்தில் சேர்த்தார். பார்வையாளரிடம் 25 சென்ட் கட்டணமும் பெற்றார். நிறுவனம் வழக்குத் தொடுத்தது.

ஹியூஸ் தரப்பின் வாதம் குறிப்பிடத்தக்கது. அவ்விரும்பு அங்கு வாழ்ந்த தொல்குடியினரின் உடைமையாக இருந்து பின்னர் அவர்களால் கைவிடப்பட்டது. ஆகவே எடுத்தவருக்கே உரியது என்று அத்தரப்பு வாதிட்டது. அக்கல்லின் குழிகளில் தேங்கிய மழைநீரில் மக்கள் முகம் கழுவினர், போருக்கு முன் அம்புகளை நனைத்தனர் என்று தொல்குடிச் சாட்சிகள் கூறினர். கிளாக்கமஸ் மக்கள் அதனை டோமானோவோஸ் என வழங்கிப் போற்றினர். ஆனால் அவர்கள் அதனை மண்ணிலிருந்து பிரித்து அசையும் சொத்தாக்கியதற்குச் சான்று இல்லை என்று கருதிய ஓரிகன் உச்ச நீதிமன்றம், 1905இல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

இங்கு ஒரு முரண் புலப்படுகிறது. கிளாக்கமஸ் மக்களின் வழிபாடு நீதிமன்ற ஏட்டில் இடம்பெற்றது. ஆனால் அவர்களின் உரிமையை நிறுவுவதற்காக அன்று, அவர்கள் அதனைக் கைவிட்டனர் என்று காட்டுவதற்காக. 1850களில் அவர்கள் தம் நிலத்திலிருந்து கிராண்ட் ரோண்ட் ஒதுக்கிடத்திற்கு அகற்றப்பட்டவர்கள் என்பதை நோக்கினால், 'கைவிடல்' என்னும் சொல்லின் பொருத்தமின்மை விளங்கும். மேலும், போற்றுதலுக்கு உரிய பொருளை அதன் இடத்திலேயே விட்டுவைப்பதே மரபு. விட்டுவைத்ததே உரிமையின்மைக்குச் சான்றாயிற்று. பின்னர் நிறுவனத்திடமிருந்து வில்லியம் டாட்ஜ் என்பவரின் துணைவியார் 20,000 டாலருக்கு மேல் கொடுத்து அவ்விரும்பை வாங்கி, நியூயார்க் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார்.

4. பிற்கால மாற்றங்கள்

20ஆம் நூற்றாண்டில் விண்கல் வணிகம் விரிந்தது. ஹார்வி நினிங்கர் உழவர்களிடையே சொற்பொழிவாற்றி, வயல்களில் கிடைக்கும் வினோதக் கற்களைக் காட்டுமாறு வேண்டிப் பெருந்தொகுப்பை உருவாக்கினார். அதன் ஒரு பகுதியைப் பிரித்தானிய அருங்காட்சியகம் 1958இல் 140,000 டாலருக்கும், எஞ்சியதை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 1960இல் 275,000 டாலருக்கும் வாங்கின. நூற்றாண்டின் இறுதியில் சகாரா பாலைவனத்தில் நாடோடிகள் பொறுக்கிய கற்கள் மொராக்கோ வணிகர் வழியாக உலகச் சந்தையை அடைந்தன. கிடைத்த இடம் உறுதியாகத் தெரியாமையால் அவை 'வடமேற்கு ஆப்பிரிக்கா' என்ற பொதுப்பெயருடன் எண்ணிடப்படுகின்றன. எடுத்தவரின் அறிவு சந்தையில் முற்றிலும் அறுபடுவதை அந்த எண்களே உணர்த்துகின்றன.

பெயரும் பொருளும் இடம்பெயர்வதற்குத் தமிழகத்திலும் சான்று உண்டு. 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைக்குத் தெற்கே இரு கற்கள் விழுந்தன. அவற்றுள் பெரியது இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. உலக ஆய்வேடுகளில் அது 'பார்னல்லி' என்னும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் வழங்குகிறது. விழுந்த ஊரின் பெயர் சிதைந்த வடிவில் நிலைத்தது. விழுந்ததைக் கண்டோரின் குரல் அந்தப் பெயரில் இல்லை.

சில நாடுகள் உடைமை விதியை மாற்றியமைத்தன. டென்மார்க்கில் 1990 முதல் சிறப்பு மதிப்புடைய விண்கற்கள் அரசுக்கு உரியவை. அர்ஜென்டினா 2007இல் விண்கற்களைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. வில்லாமெட் இரும்பை மீட்கக் கிராண்ட் ரோண்ட் கூட்டமைப்பு 1999இல் உரிமை கோரியது. அடுத்த ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி கல் அருங்காட்சியகத்திலேயே இருக்கும்; ஆண்டுதோறும் அம்மக்கள் அங்கு வந்து சடங்கு நிகழ்த்தலாம். ஆனால் அதற்கு முன்பே, 1997இல், அருங்காட்சியகம் வில்லாமெட்டின் 28 பவுண்டு மேற்பகுதியைத் தனியார் சேகரிப்பாளர் ஒருவருக்குக் கொடுத்து, மாற்றாகச் செவ்வாய்க் கோளிலிருந்து வந்த சிறு துண்டைப் பெற்றிருந்தது. அம்மேற்பகுதி 2007இல் நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்தபோது கூட்டமைப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அது விற்பனையாகவில்லை.

முடிவுரை

கேப் யார்க்கில் உடைமை பற்றிய கேள்வியே எழவில்லை. வில்லாமெட்டில் அது எழுந்து முறைப்படி விசாரிக்கப்பட்டது. எனினும் இரண்டிலும் முடிவு ஒன்றே. உரிமையின்றிக் கொண்டுசெல்லப்பட்ட இரும்பும் சட்டப்படி வெல்லப்பட்ட இரும்பும் ஒரே கூரையின்கீழ் வந்து நின்றன. இதனால் சட்டத்தின் இன்மையைவிட, பயன்பாட்டையும் வழிபாட்டையும் உடைமையாகக் காணாத சட்டத்தின் பார்வையே சிக்கலின் மையம் என்பது பெறப்படுகிறது. அருங்காட்சியகம் அக்கற்களைச் சிதையாமல் காத்தது என்பதும், அவற்றின் ஆய்வால் அறிவியல் பயனுற்றது என்பதும் மறுக்கவியலாதவை. ஆயினும் ஒரு விண்கல்லின் வரலாறு அது விண்ணில் தோன்றியதோடு தொடங்கி ஆய்வகத்தில் முடிவதன்று. சுத்தியல் கற்களைச் சுமந்து வந்தோரும் குழிநீரில் முகம் கழுவியோரும் அவ்வரலாற்றின் பகுதியினரே. பதிவேட்டில் எடை, வகை, விலை ஆகியவற்றோடு அவர்களுடைய பெயரும் இடம்பெறும்போதே ஒரு விண்கல்லின் பதிவு முழுமை பெறும்.