ஆர்ப்பியேரா

தென்னமெரிக்க நாடான சிலியில் பெண்கள் சாக்குத்துணியின்மேல் பழந்துணித் துண்டுகளை வைத்துத் தைத்துச் செய்யும் சுவர்த்தொங்கல் ஆர்ப்பியேரா எனப்படும். சாக்குத்துணியின் ஸ்பானியப் பெயரே தொங்கலுக்கும் ஆகிவந்தது. பெரும்பாலானவை மடியில் வைத்துத் தைக்கத்தக்க சிறிய அளவின. மேலே ஆண்டீஸ் மலைத்தொடரும் சூரியனும், கீழே வீடுகளும் தெருவும் மனிதரும் இருப்பது வழக்கமான அமைப்பு. 1974 முதல் 1990 வரை இராணுவ ஆட்சியின்கீழ்ச் செய்யப்பட்டவையே உலகறிந்தவை. இக்கலை பற்றிய நூல்களும் பெரும்பாலும் அந்தப் பதினாறு ஆண்டுகளையே பேசுகின்றன.

மாவுச் சாக்கைத் துவைத்து வீட்டுத் துணியாகப் பயன்படுத்துவது ஏழைக் குடும்பங்களில் இராணுவ ஆட்சிக்கு முன்பே இருந்த பழக்கம்.

சாக்குத்துணிப் படத்தைக் கலைக்கூடத்துக்குக் கொண்டுசென்றவர் நாட்டுப்புறப் பாடகி வியொலேட்டா பார்ரா (1917–1967). 1950களின் இறுதியில் நோயுற்றுப் படுக்கையில் இருந்தபோது அவர் சாக்குத்துணியில் கம்பளி நூலால் தைக்கத் தொடங்கினார் என்பர். அவருடைய படைப்புகள் 1964இல் பாரிசின் லூவர் மாளிகையில் உள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1960களில் இஸ்லா நெக்ரா என்னும் கடற்கரை ஊரின் பெண்களும் தங்கள் அன்றாட வாழ்வைக் கம்பளி நூலால் தைத்துப் பெயர் பெற்றனர்.

பிற்கால ஆர்ப்பியேராக்கள் எந்த மரபிலிருந்து வந்தன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பார்ராவின் மரபே தொடர்ந்தது என்பது பரவலான கூற்று. ஆனால் அவர் நூலால் நிரப்பித் தைத்தார். பின்வந்தவர்கள் துணித் துண்டுகளை ஒட்டுவைத்துத் தைத்தனர். இஸ்லா நெக்ராவே முன்மாதிரி என்போரும், பனாமாவின் குனா மக்கள் தைக்கும் மோலாத் துணிகளும் தூண்டுதலாயின என்போரும் உளர். மூன்றும் கலந்திருக்கலாம்.

1973 செப்டம்பர் 11 அன்று அகஸ்தோ பினோசேயின் தலைமையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஆயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். பலர் திரும்பவே இல்லை. காவல் நிலையம், சிறை, மருத்துவமனை, பிணவறை என்று அலைந்த தாய்மாரும் மனைவியரும் சகோதரிகளும் ஒருவரையொருவர் அறிந்தது அந்த வரிசைகளில்தான். அதே ஆண்டு அக்டோபரில் திருச்சபைகள் கூடி அமைத்த அமைதிக் குழு அவர்களுக்குச் சட்ட உதவி செய்தது. 1974இல் தையற்பட்டறைகள் தொடங்கின. ஆட்சியின் நெருக்குதலால் குழு 1975 இறுதியில் கலைக்கப்பட, கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கேஸ் 1976 சனவரியில் ‘விக்காரியா தெ லா சொலிதாரிதாத்’ என்னும் அமைப்பை உயர் மறைமாவட்டத்தின் அங்கமாகவே நிறுவினார். திருச்சபையின் உறுப்பாக இருந்ததால் அதை எளிதில் கலைக்க முடியவில்லை. ஆர்ப்பியேராக்களை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பியது இவ்வமைப்பே.

பட்டறைக்கு வந்தவர்கள் இருவகையினர். காணாமற்போனோரின் உறவினர் ஒரு சாரார். சாந்தியாகோ நகரின் சேரிகளில் கணவர் வேலையிழந்ததால் அடுப்பெரிக்க வழியின்றி வந்தவர்கள் மற்றொரு சாரார். எண்ணிக்கையில் பின்னவரே மிகுதி என்றாலும் நூல்களில் முன்னவருக்கே இடம் அதிகம். வாரந்தோறும் கூடி எதைத் தைப்பது என்று பேசுவார்கள். தையலில் பெரும்பகுதி வீட்டில், பிள்ளைகள் உறங்கிய பின் நடக்கும். விற்ற பணத்தில் ஒரு பங்கு குழுவின் பொதுநிதிக்குப் போகும்.

செய்முறை எளியது. சாக்கைத் துவைத்து உலர்த்தி வெட்டிக்கொள்வர். முதலில் வானத்துக்கும் மலைக்கும் உரிய பெரிய துணிகள், பிறகு தரை, வீடு, மரம், கடைசியில் ஆட்கள். துண்டுகளின் ஓரத்தை மடித்து ஓடுதையலாலோ கம்பளித் தையலாலோ பிடிப்பர். ஆட்கள் உள்ளே கந்தல் அடைத்த சிறு பொம்மைகளாகத் துணியின்மேல் புடைத்து நிற்பர்; கம்பளி நூலே தலைமுடி. துடைப்பத்துக்குத் தீக்குச்சி வைப்பார்கள். தெருவில் சிதறிய துண்டறிக்கைகள் உண்மையான காகித நறுக்குகளே. ஒரு விரல் உயரப் பொம்மைக்கு மேற்சட்டையும் அதற்கொரு பையும் தைத்த பொறுமை வியக்கத்தக்கது. காணாமற்போனவருடைய சட்டையிலிருந்தே துணி வெட்டி அவர் உருவத்துக்கு உடுத்தியவர்களும் உண்டு. சுற்றிலும் குரோஷா பின்னல் விளிம்பு. சிலவற்றின் பின்புறம் சிறிய பை ஒன்று இருக்கும். அதற்குள் மடித்த தாளில் காட்சியின் விளக்கம் எழுதப்பட்டிருக்கும். பாதுகாப்புக் கருதித் தைத்தவர் தம் பெயரை எழுதுவதில்லை.

தைத்த காட்சிகள் பல. பொதுக் கஞ்சித்தொட்டி, மூடிய ஆலை வாயில், துண்டிக்கப்பட்ட மின்சாரம், நள்ளிரவுக் கைது, ‘எங்கே அவர்கள்?’ என்ற பதாகை. 1978 இறுதியில் லோன்கேன் என்னும் ஊரின் பழைய சுண்ணாம்புக் காளவாய்களில் 15 பேரின் உடற்சிதைவுகள் கிடைத்தன. அந்தக் காளவாய்களும் விரைவில் துணியில் வந்தன. சிலியின் தேசிய நடனமான குவேக்கா ஆணும் பெண்ணும் இணைந்து ஆடுவது. காணாமற்போனோரின் குடும்பத்துப் பெண்கள் 1978 முதல் அதைத் துணையின்றித் தனியே ஆடினர். அந்த ஆட்டத்தைக் காட்டும் துண்டுகள் இன்று மிகுதியாக மறுபதிப்புச் செய்யப்படுகின்றன. ஆயினும் வரலாற்று மாணவருக்குக் கஞ்சித்தொட்டியைக் காட்டுபவை கூடுதலாக உதவும். விறகு, பெரிய அண்டா, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் என்று சேரியின் ஒரு நாள் முழுதும் அவற்றில் பதிவாகியிருக்கிறது.

ஆட்சி சார்பான நாளிதழ்கள் நாட்டை இழிவுபடுத்துவதாக இவற்றைச் சாடின. பொதிகள் பறிமுதலானதும் உண்டு. உள்நாட்டில் சுவரில் மாட்டுவதே ஆபத்து என்பதால், நாட்டைவிட்டு வெளியேறிய சிலியர்களும் மனித உரிமைக் குழுக்களும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் விற்றனர். தணிக்கைக்கு உட்பட்ட செய்தித்தாள் சொல்லாததைத் துணி சொன்னது என்பது பொதுவான மதிப்பீடு. வாங்கியவர் விருப்பத்துக்கேற்பக் காட்சிகள் எந்த அளவு மாறின என்பது பற்றி ஆய்வாளர்கள் உடன்படவில்லை. சகோதரரைத் தேடிய வியொலேட்டா மொராலெஸ் போன்ற சிலர், மார்ஜரி அகோசின் எழுதிய நூல்கள் வழியே பெயரோடு அறியப்பட்டனர்.

1988 அக்டோபர் 5 வாக்கெடுப்பில் பினோசே தோற்றார். 1990 மார்ச்சில் மக்களாட்சி திரும்பியது. விக்காரியா 1992இல் மூடப்பட்டதோடு பெரும்பாலான பட்டறைகள் வாங்குவோர் இன்றிக் கலைந்தன. பெரு நாட்டின் லிமா நகரப் புறச்சேரிகளிலும் இக்கலை பரவியது.

சாந்தியாகோவில் 2010இல் திறக்கப்பட்ட நினைவு மற்றும் மனித உரிமை அருங்காட்சியகத்தில் ஆர்ப்பியேராக்கள் பாதுகாக்கப்படுகின்றன. வட அயர்லாந்தில் வாழும் சிலியரான ரொபெர்ட்டா பாசிக் திரட்டிய தொகுப்பு பல நாடுகளில் காட்டப்பட்டுள்ளது. 1972இல் இஸ்லா நெக்ராப் பெண்கள் ஐ.நா. மாநாட்டுக் கட்டடத்துக்காகத் தைத்து, ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் காணாமற்போன பெரிய தொங்கல் 2019இல் மீண்டது. பயணியருக்கென இன்று விற்பவை பெரும்பாலும் வயல், சந்தை, திருவிழாக் காட்சிகள்.

பழைய துண்டுகளின் காலத்தைக் கணிக்கத் துணியைவிடப் பின்பையில் உள்ள தாளே நல்ல சான்று. இவற்றை வைத்திருப்போர் சட்டமிடும்போதோ துவைக்கும்போதோ அந்தத் தாளை அகற்றிவிடலாகாது.