அட்மிரல் சுசுகியின் நான்கு மாதங்கள்

போர்வீரர் அரசியலில் தலையிடலாகாது என்பது ஜப்பானியக் கடற்படைத் தலைவர் சுசுகி கண்டாரோ போற்றி வந்த கொள்கை. 1945 ஏப்ரலில் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ அவரை அழைத்து அமைச்சரவை அமைக்கப் பணித்தபோது, இக்கொள்கையைக் கூறியே அவர் மறுத்தார். வயதோ 77, காதும் மந்தம். சக்கரவர்த்தி விடவில்லை. அரண்மனையில் பல்லாண்டு பணிபுரிந்த முதியவர் வேறென்ன செய்வார்? இசைந்தார்.

ஏப்ரல் 7ஆம் நாள் அவர் பதவியேற்றார். அன்றே, ஜப்பானின் பெருமிதமாக விளங்கிய 'யமாட்டோ' என்னும் மாபெரும் போர்க்கப்பல், ஒகினாவாத் தீவை நோக்கிச் செல்லும் வழியில் அமெரிக்க விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது.

சுசுகி பிறந்தது 1868இல். 1895இல் சீனரோடு நிகழ்ந்த போரில் வெய்ஹைவெய் துறைமுகத்தினுள் இரவில் நுழைந்து தாக்கிய டார்பீடோப் படகுகளுள் ஒன்று அவருடையது. 1905இல் ருஷ்யக் கடற்படையை நொறுக்கிய சுஷிமாப் போரிலும் அவர் நாசகாரிக் கப்பல்களை நடத்திச் சென்றார். இத்தகையவர் 1918இல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் பேசும்போது, பசிபிக் கடல் அமைதிக் கடலாகவே இருக்கவேண்டும், அதில் ஜப்பானும் அமெரிக்காவும் பொருதலாகாது என்றார். போரை நேரில் கண்டவர் பேச்சு அது.

1929இல் அரண்மனையின் தலைமை அதிகாரியானார். சக்கரவர்த்தியைச் சூழ்ந்திருந்த மிதவாதிகளை இளம் இராணுவ அதிகாரிகள் வெறுத்தனர். 1936 பிப்ரவரி 26ஆம் நாள் விடியுமுன் படைவீரர்கள் அவர் இல்லத்தினுள் புகுந்து சுட்டார்கள். உயிர் போகாதது கண்டு மேலும் தாக்க முனைந்தபோது, மனைவி டாக்கா அம்மையார் இடைபுகுந்து மன்றாடினார். வந்தவர்கள் வணக்கம் செலுத்திவிட்டு அகன்றனர். சமாதானம் பேசுவோர்க்கு அந்நாட்டில் என்ன கிடைக்கும் என்பதை அவர் உடம்பே அறிந்திருந்தது. பின்னர் அவர் வெளியே ஒன்று பேசி உள்ளே ஒன்று எண்ணியதாகக் குறை கூறுவோர் இதை மறக்கலாகாது.

ஜூலை 26ஆம் நாள் நேச நாடுகள் போட்ஸ்டாமிலிருந்து சரணாகதி கோரும் அறிக்கையை வெளியிட்டன. ருஷ்யா நடுநின்று பேசித் தரும் என்று டோக்கியோ நம்பிக் காத்திருந்தது. இராணுவத்தாரோ அறிக்கையைக் கண்டிக்குமாறு நெருக்கினர். 28ஆம் நாள் நிருபர்களிடம் சுசுகி கூறிய சொல் 'மொகுசாட்ஸு' என்பது. 'மொகு' என்றால் மௌனம். 'சாட்ஸு' என்றால் கொல்லுதல். வாளாவிருத்தல் என்றும் கொள்ளலாம். பொருட்படுத்தாது புறக்கணித்தல் என்றும் கொள்ளலாம். உலகம் இரண்டாவதையே கொண்டது. ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமா. 9ஆம் நாள் நாகசாகி. அன்றே ருஷ்யப் படைகளும் மஞ்சூரியாவுக்குள் புகுந்தன.

மொழிபெயர்ப்புப் பிழையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. ஏற்கிறோம் என்று சொல்லும் துணிவு அன்று அந்த அமைச்சரவைக்கு இல்லை. இரு பொருள்படும் சொல்லில் ஒதுங்கிக்கொண்டார் கிழவர். அதன் விலையை நகரத்து மக்கள் கொடுத்தார்கள்.

ஆகஸ்டு 9ஆம் நாள் நள்ளிரவில், அரண்மனையின் நிலவறையில் ஆலோசனை கூடிற்று. முடியாட்சிக்கு மட்டும் உறுதி கேட்டு ஏற்கலாம் என்றது ஒரு பக்கம். மேலும் மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்றது மறு பக்கம். போர்க்குழுவின் அறுவரில் பக்கத்துக்கு மூவர். அத்தகைய சபையில் சக்கரவர்த்தி மௌனமாய் வீற்றிருப்பதே மரபு. சுசுகி எழுந்தார். வாக்கெடுக்கவில்லை. நேரே சக்கரவர்த்தியின் முன் சென்று வணங்கி, முடிவைத் தாங்களே அருளவேண்டும் என்று வேண்டினார். இருக்கைக்குத் திரும்புமாறு சக்கரவர்த்தி பணித்தது கேளாமல், அவர் காதருகே கையைக் குவித்துக்கொண்டு நின்றார் என்பர். பின்பு ஹிரோஹிட்டோ பேசினார். போரை நிறுத்துவது என முடிவாயிற்று.

ஆகஸ்டு 15ஆம் நாள் காலை, சரணடைய விரும்பாத ஒரு கூட்டத்தார் சுசுகியைத் தேடி வந்து, அகப்படாமையால் அவர் வீட்டுக்குத் தீயிட்டனர். நண்பகலில் சக்கரவர்த்தியின் குரலை மக்கள் முதன்முறையாக வானொலியில் கேட்டனர். அன்று பிற்பகலே சுசுகியின் அமைச்சரவை பதவி விலகிற்று. அவர் 1948 ஏப்ரல் 17ஆம் நாள் காலமானார்.