படியேறிய கண்டக்டரும் பஸ்ஸின் புகையும்

1952 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. லண்டனில் காற்று அசையவே இல்லை. குளிருக்கு வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிந்துகொண்டிருந்தது. மின்நிலையங்களும் அதே நிலக்கரியில்தான் ஓடின. மேலே இருந்த வெப்பக் காற்று பானைக்கு மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்ள, புகைக்குப் போக வழியில்லை. ஐந்து நாள் அப்படியே கிடந்தது நகரம். கண்டக்டர்கள் கீழே இறங்கி, கையில் விளக்கோ தீப்பந்தமோ பிடித்து முன்னால் நடந்தார்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து பஸ் பின்னால் ஊர்ந்து வந்தது. பிறகு பஸ்களும் நின்றன. அந்த நாட்களில் வழக்கத்தைவிட ஏறக்குறைய 4,000 பேர் கூடுதலாக இறந்துபோனார்கள். அடுத்துவந்த மாதங்களின் சாவுகளையும் சேர்த்து, 12,000 வரை இருக்கும் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள்.

தீப்பந்தம் பிடித்து நடந்த அந்தக் கண்டக்டரை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அதே காலத்தில், அதே நகரத்தில், அவரை இன்னொரு கூட்டமும் எண்ணிக்கொண்டிருந்தது என்பதுதான் காரணம்.

ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சமூக மருத்துவப் பிரிவை நடத்திவந்தார். போருக்குப் பிறகு பிரிட்டனில் மாரடைப்பு பெருகிக்கொண்டே போனது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஒருவர் செய்யும் வேலைக்கும் அவருடைய இதயத்துக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று மாரிஸ் யோசித்தார். லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்கள், 35 முதல் 64 வயது வரையான ஆண்கள், சுமார் 31,000 பேரின் உடல்நலப் பதிவுகளை எடுத்துக்கொண்டார். அதில் அழகான ஓர் ஒப்பீடு தானாகவே அமைந்திருந்தது. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் இரட்டை மாடி பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு ஷிப்டில் ஐந்நூறு அறுநூறு படிகளுக்கு மேல் மிதிப்பார். ஒரே நிறுவனம், கிட்டத்தட்ட ஒரே வாழ்க்கைத்தரம். ஆனால் மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. வந்தவர்களும் உடனே சாவது குறைவாக இருந்தது.

1953 நவம்பரில் ‘லான்செட்’ இதழில் இது வெளியானது. உடலுழைப்பு இதயத்தைக் காக்கும் என்பதற்குக் கிடைத்த முதல் பெரிய சான்று இதுதான். ஆனால் மாரிஸ் இதோடு விட்டுவிடவில்லை. ‘ஆரம்பத்திலேயே குண்டாக இருந்தவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ?’ என்று தனக்கே ஒரு கேள்வி போட்டுக்கொண்டு, சீருடை அளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு உண்மையிலேயே பெரிதுதான். ஆனால் ஒல்லியான டிரைவரை ஒல்லியான கண்டக்டரோடும், பருமனானவரைப் பருமனானவரோடும் வைத்துப் பார்த்தபோதும் வித்தியாசம் மறையவில்லை. இன்று எந்த டாக்டரிடம் போனாலும் “வாக்கிங் போங்க” என்கிறாரே, அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் லண்டன் பஸ்ஸின் படிக்கட்டு இருக்கிறது.

இங்கேதான் எனக்கு ஒன்று உறுத்துகிறது. மாரிஸின் ஒப்பீடு ஏன் அவ்வளவு சுத்தமாக வந்தது? டிரைவரும் கண்டக்டரும் சுவாசித்தது ஏறக்குறைய ஒரே காற்று. அது இரண்டு பேருக்கும் பொது என்பதால் கணக்கில் வரவே இல்லை. ஆனால் உடம்பு அப்படிக் கழித்துவிடாதே. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறோம். படியேறினால் அது பல மடங்காகிறது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வாயால் சுவாசிக்கிறோம். மூக்கு செய்கிற வடிகட்டும் வேலை நடப்பதில்லை. தூசு ஆழமாக இறங்குகிறது. ஆக, இதயத்தைக் காப்பாற்றிய அதே படிக்கட்டுதான் அந்தக் கண்டக்டரின் நுரையீரலுக்குள் டிரைவரைவிட அதிகப் புகையையும் இறக்கியிருக்க வேண்டும்.

அன்றைக்கு இதை யாரும் ஒரே கேள்வியாகக் கேட்கவில்லை. உழைப்பை ஆராய்ந்தவர்கள் ஒரு பக்கம், புகையை ஆராய்ந்தவர்கள் இன்னொரு பக்கம். செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் பேட்ரிக் லாதர் காற்று மாசுப் பிரிவைத் தொடங்கினார். நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி உள்ள நோயாளிகளிடம் சின்னச் சின்ன டைரிகளைக் கொடுத்து, இன்று நேற்றைவிடத் தேவலையா, மோசமா என்று தினமும் குறிக்கச் சொன்னார். புகையும் கந்தக டைஆக்சைடும் ஏறிய நாட்களில் டைரிகளில் ‘மோசம்’ என்ற பதிவும் ஏறியது. அந்தப் பிரிவினர் லண்டனின் பஸ் பணிமனைகளுக்குள்ளும் போய்க் காற்றை அளந்தார்கள். ஆனால் மாரிஸின் படிக்கட்டும் லாதரின் டைரியும் ஒரே மேசைக்கு வரவில்லை.

1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீட்டு அடுப்புகளின் கரும்புகை மெல்லமெல்ல அடங்கியது. ஆனால் வேறொரு மாற்றம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. 1952 ஜூலையில், புகைமூட்டத்துக்கு ஐந்தே மாதம் முன்னால், லண்டன் தன் கடைசி டிராம் வண்டியை வழியனுப்பியது. மின்சாரத்தில் ஓடிய டிராம்களின் இடத்துக்கு வந்தவை டீசல் பஸ்கள். பிறகு கண்டக்டர் வேலையும் படிப்படியாகக் குறைந்தது. 2005 டிசம்பரில், பின்பக்கம் திறந்த பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் வழக்கமான தடங்களிலிருந்து விடைபெற்றன. இதயத்தைக் காத்த படியேற்றம் போய்விட்டது. டீசல் மிச்சமிருந்தது.

அந்த இரண்டு கதைகளும் சந்தித்த இடம் ஆக்ஸ்போர்டு தெரு. அப்போது பகலில் பஸ்ஸும் டாக்சியும் மட்டும் ஓடிய கடைத்தெரு, அதாவது பெரும்பாலும் டீசல் மட்டும். அதன் மேற்கு முனையை ஒட்டியே ஹைட் பார்க். இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஆஸ்துமா உள்ள 60 பேரை இரண்டு இடங்களிலும் இரண்டிரண்டு மணி நேரம் நடக்க வைத்தார்கள். ஆக்ஸ்போர்டு தெருவில் நடந்த பிறகு அவர்களுடைய நுரையீரல் திறன் கூடுதலாகச் சரிந்ததை 2007இல் வெளியிட்டார்கள்.

அடுத்த ஆய்வு 2018இல் வெளியானது. 60 வயதைத் தாண்டிய 119 பேர்: நலமானவர்கள் 40, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் 40, இதய நோயாளிகள் 39. பூங்காவில் நடந்தபோது நலமானவர்களின் ரத்தக் குழாய் விறைப்பு 24%க்கு மேல் குறைந்தது. ஆக்ஸ்போர்டு தெருவிலோ 5%கூட இல்லை. நுரையீரல் நோயாளிகளுக்கு அந்தத் தெருவில் இருமலும் இளைப்பும் கூடின. அதே கால், அதே நேரம், அதே நடை. ஆனால் மாரிஸ் கண்டுபிடித்த பலனில் பெரும் பங்கைத் தெரு பிடுங்கிக்கொண்டது.

“அப்போ வீட்டிலேயே உட்கார்ந்துடலாமா?” என்று கேட்கத் தோன்றும். கூடாது. 2016இல் வந்த ஒரு கணக்கீடு இதற்கு ஓரளவு நிதானமான பதில் தருகிறது. உலக நகரங்களின் சராசரி மாசில், அதாவது ஒரு கனமீட்டருக்கு 22 மைக்ரோகிராம் நுண்துகளில், நடப்பதன் பலன் தீமையைவிட எவ்வளவோ அதிகம். 100 மைக்ரோகிராம் உள்ள ஊரிலும்கூட தினம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் மிதித்தால்தான், அல்லது 10 மணி நேரத்துக்கு மேல் நடந்தால்தான், தீமை மிஞ்சுகிறது. பெரும்பாலோருக்கு உட்கார்ந்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

ஆனால் அந்தக் கணக்கை இன்னொரு தடவை படித்தேன். தினம் பத்து மணி நேரம் தெருவில் இருப்பவர் யார்? வாக்கிங் போகிறவர் இல்லை. தெரு கூட்டுகிறவர், தள்ளுவண்டி தள்ளுகிறவர், சைக்கிளில் சாமான் கொண்டுபோகிறவர். மூச்சு வாங்குவது இவர்களுக்கு உடற்பயிற்சி இல்லை, சம்பளம். ‘மாசு அதிகமுள்ள நாளில் வெளியே ஓடாதீர்கள்’ என்ற அறிவுரை இவர்களுக்கு எழுதப்பட்டதே அல்ல.

“நட” என்று ஒருவரிடம் சொல்வது சுலபம். அது அவர் கையில் இருக்கிறது. காற்று அவர் கையில் இல்லை. 1952இல் அந்தக் கண்டக்டர் முன்னால் நடக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் அவருடைய சோம்பேறித்தனமோ சுறுசுறுப்போ அல்ல. ஒரு நகரம் எதை எரிக்கலாம் என்று எடுத்திருந்த முடிவு. நான்கு வருடம் கழித்து அந்த முடிவைச் சட்டம் போட்டு மாற்றினார்கள். தனித்தனி ஆட்கள் எவ்வளவு வேகமாக நடந்திருந்தாலும் அது மாறியிருக்காது.