திண்ணை முதல் ‘எண்ணும் எழுத்தும்’ வரை: தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாசிப்பு கற்பித்த முறைகளின் வரலாறு

வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில் சிறந்த முறை எது என்ற வாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: எழுத்திலிருந்து தொடங்குவதா, சொல்லிலிருந்து தொடங்குவதா? அமெரிக்காவில் ஜீன் சால் 1967இல் ஒரு முழு நூலையே இந்த வாதத்துக்கு ஒதுக்கினார். நம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளிலும் எழுத்து முறை, சொல் முறை, வாக்கிய முறை என்று பிரித்து, ஒவ்வொன்றின் நிறைகுறைகளைப் பட்டியலிடச் சொல்வது வழக்கம்.

தமிழகத்தில் கடந்த இரு நூற்றாண்டுகளின் அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால், இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளைவிட வேறொன்று கூடுதலாகத் தீர்மானித்திருப்பது தெரிகிறது. ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதை யார் கேட்டார்கள்? அடுத்த பாடத்துக்கு அந்தப் பிள்ளை போகலாம் என்று யார், எதைக்கொண்டு முடிவு செய்தார்கள்? முறைகள் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் இதற்கான ஏற்பாடும் மாறியது. வாசிப்பின் வெற்றியும் தோல்வியும் பெரிதும் அதையொட்டியே அமைந்தன என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

மணலும் ஓலையும்

தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராக இருந்தபோது 1822இல் மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பு, சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்ததாகவும் அவற்றில் ஏறத்தாழ 1,88,000 பேர் படித்ததாகவும் சொல்கிறது. இந்த ஆவணங்களைத் தரம்பால் 1983இல் நூலாக வெளியிட்ட பிறகு, ஆங்கிலேயர் வருமுன் இங்கு கல்வியே இல்லை என்ற பேச்சு எடுபடாமல் போயிற்று. அதே ஆவணங்கள் இன்னொன்றையும் காட்டுகின்றன: பெண் பிள்ளைகள் மிகச் சிலரே படித்தனர், தீண்டாமைக்கு ஆளான சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடமில்லை.

திண்ணைப் பள்ளியின் கற்பித்தல் கையில் தொடங்கும். தரையில் பரப்பிய மணலில் வாத்தியார் ஓர் எழுத்தை எழுதுவார். பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே ‘ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். கண், கை, வாய் மூன்றும் ஒரே எழுத்தில் ஒன்றுபடும். மணலில் கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்குவும் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் கற்றார்.

அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நிகண்டு என்று மனப்பாடம் தொடரும். இதைப் பொருளறியாத உருப்போடுதல் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஓலையின் எழுத்துமுறையே மனப்பாடத்தைக் கேட்டது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. ‘கல’ என்று எழுதியிருந்தால் அதைக் ‘கல்’ என்றும் படிக்கலாம், ‘கல’ என்றும் படிக்கலாம். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவத்தில் வேறுபடவில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருந்தன. சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. பாடலை ஏற்கெனவே காதால் அறிந்தவனால்தான் ஓலையைத் தடையின்றி வாசிக்க முடியும். ஆகவே, முதலில் மனப்பாடம், பிறகு ஓலை என்ற வரிசை அந்தக் காலத்து வாசிப்புக்குப் பொருந்தியதுதான்.

குறை வேறிடத்தில் இருந்தது. பல்லாரி ஆட்சியர் ஏ.டி. காம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை தெலுங்கு, கன்னடப் பள்ளிகளைப் பற்றியது. குறைந்த செலவில் கற்பிக்கும் திறனையும், மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் அவர் பாராட்டினார். பாடங்கள் பேச்சுமொழிக்கு எட்டாத செய்யுள் நடையில் இருப்பதால் பிள்ளைகளுக்குப் பொருள் விளங்குவதில்லை என்றும் எழுதினார். தமிழ்த் திண்ணைகளுக்கும் இது பொருந்தும். உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் தரும் சித்திரத்தில் நினைவாற்றலை வளர்க்கும் பயிற்சியும் இருக்கிறது, பிரம்படியும் இருக்கிறது.

ஆயினும் திண்ணையில் ஒரு வலிமை இருந்தது. அங்கே வயதுவாரியான வகுப்பு கிடையாது. ஒருவன் மணலில் இருப்பான், அவன் வயதினனே இன்னொருவன் மூதுரையில் இருப்பான். ஒவ்வொருவரின் பாடத்தையும் சட்டாம்பிள்ளையோ (மூத்த மாணவன்) வாத்தியாரோ தனித்தனியே கேட்பார்கள். ஒப்பித்தவனுக்கு அடுத்த பாடம். தடுமாறியவனுக்கு அதே பாடம்.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

இந்த ஏற்பாட்டை உலகறியச் செய்தவர் ஆண்ட்ரு பெல். 1787இல் சென்னைக்கு வந்த இந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789இல் எழும்பூரில் இராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், தம் இல்லத்திலும் அப்படியே கற்பிக்கச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் அதற்கு உடன்படாததால், அந்தப் பொறுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். சிறுவர்களைக் கொண்டே சிறுவர்களுக்குக் கற்பிக்கும் இந்த முறையை விளக்கி 1797இல் அவர் வெளியிட்ட சிறுநூல் இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ என்று பேசப்பட்டது. 1811இல் தொடங்கிய தேசியச் சங்கம் அதைத் தன் பள்ளிகளில் பரப்பியது. இதே போன்ற முறையை நடத்திய ஜோசப் லங்காஸ்டரின் பள்ளிகளிலும் மணல் பரப்பிய மேசைகள் வந்தன.

கடல் கடந்தபோது முறையின் இயல்பு மாறிவிட்டது. ஓர் ஆசிரியரின்கீழ் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த செலவில் நடத்தும் கருவியாக அது இங்கிலாந்தில் பயன்பட்டது. கட்டளைக்கு எழுந்து, கட்டளைக்கு உட்கார்ந்து, ஒரே குரலில் ஒப்பிக்கும் பயிற்சியாகச் சுருங்கியது. திண்ணையில் ஒருவன் பாடத்தை மற்றொருவன் கேட்டதற்குக் காரணம் இருவருக்கும் இருந்த நெருக்கம். எண்ணிக்கை பெருகியதும் அந்த நெருக்கம் போயிற்று.

அச்சுப் புத்தகமும் வகுப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டு மாற்றங்கள் ஒருசேர நிகழ்ந்தன. முதலாவது அச்சு. வீரமாமுனிவர் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு வகுத்திருந்தார். அச்சு அதை நிலைநிறுத்தியதோடு புள்ளியையும் சொல்லிடை வெளியையும் பொதுவழக்காக்கியது. இப்போது முன்பின் கேட்டறியாத ஒன்றையும் ஒரு பிள்ளை எழுத்தைக் கொண்டே வாசிக்கலாம். இந்த வாய்ப்பை நன்கு பயன்படுத்திக்கொண்டவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், தொடர்ந்து ‘பாலபாடம்’ வரிசையை எழுதினார். எழுத்து, சொல், சிறு வாக்கியம், நீண்ட உரைநடை என்று படிப்படியாக ஏறும் நூல்கள் அவை. செய்யுளில் தொடங்கிய வாசிப்பை உரைநடைக்குக் கொண்டுவந்தது, பொருள் விளங்க வாசிப்பதற்கு வழி திறந்தது.

இரண்டாவது மாற்றம் வகுப்பு. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பின் கல்வித்துறை உருவாயிற்று. 1860களில் சென்னை மாகாணத்தில், தேர்வு முடிவுக்கு ஏற்ப மானியம் தரும் திட்டம் வந்தது. ஆய்வாளர் வருவார், குறிப்பிட்ட வகுப்புக்குரிய வாசகத்தைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், தேறியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியருக்குப் பணம். திண்ணைப் பள்ளிகள் பலவும் இந்த வழியில் அரசின் வலைக்குள் வந்தன. ஆய்வாளர் எந்தப் புத்தகத்தைத் திறப்பார் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தப் புத்தகத்தை உருப்போட வைப்பதுதான் ஆசிரியருக்கு ஆதாயம். அச்சு எந்த மனப்பாடத்தைத் தேவையற்றதாக்கியதோ அதையே மானிய விதி திரும்ப அழைத்து வந்தது.

அதைவிட ஆழமான விளைவு, பாடத்தின் வேகத்தைப் பிள்ளையிடமிருந்து எடுத்து ஆண்டுத் திட்டத்திடம் ஒப்படைத்தது. ஒரு கரும்பலகை, ஒரு பாடம், ஒரே குரல். மதிய உணவுத் திட்டம் 1956இலும், சத்துணவுத் திட்டம் 1982இலும் ஏழைப் பிள்ளைகளைப் பெருவாரியாகப் பள்ளிக்கு அழைத்து வந்தன; திண்ணை மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இந்தச் சாதனையை எந்த முறையியல் வாதமும் குறைத்துவிட முடியாது. ஆனால் எழுத்தறியும் முன்பே இரண்டாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்காகப் பாடம் நின்று காத்திருக்கவில்லை.

எழுத்தா, சொல்லா?

தமிழ் எழுத்தின் இயல்பே இந்த வாதத்துக்கு ஓரளவு விடை தருகிறது. 247 எழுத்துகளையும் தனித்தனி உருவங்களாகக் கற்கத் தேவையில்லை. உயிர்க்குறிகளின் ஒழுங்கு பிடிபட்டால் பெரும்பகுதி தானே வந்துவிடும். 1935 முதல் பெரியார் தம் இதழில் கையாண்ட சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை அரசு 1978இல் ஏற்றபோது, ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகள் அந்த ஒழுங்குக்குள் வந்தன. உகர ஊகார வரிசைகள் இன்றும் ஒழுங்குக்கு அடங்கவில்லை: கு, சு, டு, து ஆகியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

‘கொக்கு’ என்ற சொல்லை வாசிக்கும் ஒரு பிள்ளையைக் கவனித்தால் சிக்கல் புரியும். கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு துணைக்கால். வாயில் வருவதோ ககரத்துக்குப் பின் ஒகரம். கண்ணின் வரிசையும் ஒலியின் வரிசையும் வேறு. இதை யாரேனும் பிரித்துக் காட்டிப் பழக்க வேண்டும். படத்தைப் பார்த்துச் சொல்லை முழுதாக நினைவில் வைப்பதால் இது தீராது.

மறுபக்கமும் உண்டு. ‘பம்பரம்’ என்பதில் முதல் பகரமும் இரண்டாம் பகரமும் ஒரே எழுத்து, ஒலி வேறு. பம்பரத்தை அறிந்த பிள்ளை யோசிக்காமல் சரியாக ஒலிக்கும். அறியாத சொல்லானால் தயங்கும். ஆகவே தமிழில் சொல்லறிவு, எழுத்தொலிப்புக்கே துணை செய்கிறது. எழுத்து அறியும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்ததே வாசிப்பு என்று காஃப், டன்மர் இருவரும் 1986இல் சொன்ன எளிய விளக்கம் தமிழுக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், முழு எழுத்துத் தொகுதியும் கைவர ஆங்கில எழுத்துகளைப் போலன்றிப் பல வகுப்புகள் ஆகும் என்று காட்டினார். முதல் வகுப்பிலேயே எழுத்து முடிந்துவிட வேண்டும் என்ற நம் எதிர்பார்ப்பை அது மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது.

சொல்லின் வலிமையை வெளிப்படையாகக் காட்டியது பள்ளிக்கு வெளியே நடந்த ஓர் இயக்கம். 1990களின் தொடக்கத்தில் வயது வந்தோருக்கு எழுத்தறிவிக்கப் புதுக்கோட்டையில் வீச்சுடன் நடந்த அறிவொளி இயக்கத்தின் பாடநூல், அகர வரிசையை விட்டுவிட்டு, ‘பட்டா’ போன்ற வாழ்க்கைச் சொற்களை எடுத்து அவற்றிலிருந்து எழுத்துகளைப் பிரித்தது. எழுத எளிய நேர்கோட்டு எழுத்துகளும் அவற்றிலேயே கிடைத்தன.

அட்டையும் ஏணியும்

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. மூலம், மதனப்பள்ளி அருகே ரிஷி வேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறை. 2007–08இல் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது.

பெஞ்சுகள் போய்ப் பாய் வந்தது. சுவரோரம் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகைகள் அமைந்தன. சுவரில் கற்றல் ஏணி தொங்கியது. பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, அந்தச் செயலுக்குரிய குழுவில் போய் உட்காரும். சில குழுக்களுக்கு ஆசிரியர் துணை, சிலவற்றுக்குச் சக மாணவர் துணை, சில வேலைகள் தனியாக. விடுப்பு எடுத்தவர் திரும்பி வந்து விட்ட படியிலிருந்தே தொடரலாம். திண்ணையில் இருந்து வகுப்பு பறித்த ஒன்று, அடியில்லாமல், எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்குமாக மீண்டது.

இதன் குறையும் அதே இடத்திலிருந்து எழுந்தது. ஒரே நேரத்தில் முப்பது பிள்ளைகள் முப்பது படிகளில் நின்றால், ஆசிரியரின் நேரம் அட்டை எடுத்துக் கொடுப்பதிலும் பதிவேடு நிரப்புவதிலும் கரைந்தது. அட்டையை முடிப்பது இலக்காகி, சேர்ந்து கதை கேட்பதும் பேசுவதும் குறைந்தன என்று ஆசிரியர்கள் பலர் சொன்னார்கள். ஏணி இருந்தது, ஏறுகிறவரைக் கவனிக்க நேரம் போதவில்லை.

பெருந்தொற்றுக்குப் பின்

பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருப் பெண்கள், மாலையில் சிறு குழுக்களாகப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடானதாகவும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தத் திட்டத்தால் என்றும் கணித்தது. தன்னார்வலர்களுக்குப் பெரிய முறையியல் பயிற்சி எதுவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் நேரம் அவர்களிடம் இருந்தது.

2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறது. முப்பது படிகளை மூன்றாகக் குறைத்தது நடைமுறை அறிவு: ஆசிரியரால் கையாள முடிகிறது, பிள்ளையின் நிலையும் மறைவதில்லை. பாடலும் கதையும் பாடத்துக்குள் திரும்பியுள்ளன. அடிக்கடி நடக்கும் மதிப்பீடுகளைச் செயலியில் ஏற்றும் வேலை அதிகம் என்பது ஆசிரியர்களின் மனக்குறை. மானிய ஆய்வாளர் காலத்துப் பாடம் இங்கு நினைவுக்கு வர வேண்டும்: மேலிடத்துக்குக் காட்டுவதற்காக அளக்கும்போது, அளவுகோலுக்கு ஏற்பக் கற்பித்தல் வளைந்துவிடும்.

தொகுப்பு

மேற்கண்ட வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. ஒன்று, எழுத்தொலியைப் பிரித்துக் கற்பிப்பதும் பொருளுள்ள சொல்லும் கதையும் தருவதும் தமிழில் மாற்று வழிகள் அல்ல. ‘கொக்கு’க்கு முன்னது வேண்டும், ‘பம்பரத்’துக்குப் பின்னது வேண்டும். இரண்டு, கையால் எழுதி வாயால் சொல்லும் பழைய பயிற்சிக்கு அச்சுக் காலத்திலும் பயன் குறையவில்லை. மூன்று, பிள்ளை வாசிப்பதை ஒருவர் கேட்டு அடுத்த அடியைத் தீர்மானித்த இடங்களில்தான் இந்த முறைகள் பலன் தந்தன. பெல்லின் முறை இங்கிலாந்தில் வறண்டதும், அட்டை முறை தளர்ந்ததும் அந்தக் கண்ணி அறுந்தபோது.

கட்டாயக் கல்விச் சட்டம் 2009 தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. 40 நிமிடப் பாடவேளையை முப்பதால் வகுத்தால், ஒரு பிள்ளைக்கு ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேல். மற்ற பிள்ளைகளுக்குத் தாமே செய்யும் வேலை கொடுத்துவிட்டு நாளுக்கு ஆறு பேரை மட்டும் கேட்பதென்றால், ஒவ்வொருவருக்கும் வாரம் ஒருமுறை ஆறேழு நிமிடம் கிடைக்கும். புதிய திட்டம் எது வந்தாலும் அதனிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்: இது பிள்ளையின் வாசிப்பைக் கேட்கும் நிமிடங்களைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?