விதையிலிருந்து சூலகத்துக்கு: ஓர் உறுப்பின் வரலாறு

உடம்பைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் நம் கூட்டங்களில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. 'இயற்கை அப்படித்தான் படைச்சிருக்கு, என்ன பண்றது' என்பது ஒன்று. 'அறிவியலே ஆண்களின் சொல்லாடல், தூக்கிப் போடு' என்பது மற்றது. வரலாற்றைப் படிக்கிற சிரமத்திலிருந்து இரண்டுமே நம்மைக் காப்பாற்றிவிடுகின்றன. நான் தமிழ் படித்தவன், மருத்துவம் என் துறையல்ல. ஆனால் ஓர் உறுப்புக்கு வழங்கிய பெயர்களைப் பின்தொடர்ந்து போனால், அதை யார், எதற்காகப் பார்த்தார்கள் என்பதும் கூடவே கிடைத்துவிடும். இங்கே சூலகத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கருப்பையின் இருபுறமும் வாதாங்கொட்டை அளவில் இருக்கும் இந்த உறுப்புக்கு ஐரோப்பிய மருத்துவத்தில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் தனிப்பெயர் கிடையாது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹெரோபிலஸ் இதை ஆணின் விதையோடு ஒப்பிட்டார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலனும் 'பெண்ணின் விதைகள்' என்றே எழுதினார். உடற்சூடு போதாமல் உள்ளேயே தங்கிவிட்ட ஆணுறுப்புகள்தாம் பெண்ணுறுப்புகள் என்பது அவர் கணக்கு. அதாவது பெண் என்பவள் முழுமை பெறாத ஆண். 1543இல் வெசாலியஸ் பிணங்களை அறுத்துத் தன் கண்ணால் பார்த்து எழுதினார், பெயர் மாறவில்லை. 1651இல் நூலாக வெளிவந்த ஆய்வுக்காக ஹார்வி, இங்கிலாந்து மன்னரின் பூங்காவில் இணைசேர்ந்த மான்களை முன்னரே அறுத்துப் பார்த்திருந்தார். இந்த 'விதை'களில் எந்த மாற்றமும் அவருக்குத் தெரியவில்லை. எனவே இனப்பெருக்கத்தில் இவற்றுக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டினார். எல்லா உயிரும் முட்டையிலிருந்தே என்று அறிவித்த அதே நூலில்தான் இதுவும் வருகிறது.

1667இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டீனோ, குட்டி போடும் சுறாவை அறுத்தபோது பார்வை திரும்பியது. மீன் வயிற்றில் சினை இருக்கும் என்பது எந்த மீன்காரம்மாவுக்கும் தெரிந்த விஷயம். பெண்ணின் 'விதை'யும் இந்தச் சினைப்பையும் ஒன்றுதான் என்றார் ஸ்டீனோ. 1672இல் டச்சுக்காரர் தெ கிராஃப் முயல்களை வைத்து இதை விரிவாக நிறுவினார். உடனே யார் முதலில் கண்டது என்று ஸ்வாமர்டாமுடன் சண்டை. விவகாரம் லண்டன் ராயல் சொசைட்டி வரை போனது. 1673இல், 32 வயதில், தெ கிராஃப் இறந்துபோனார். அவர் பார்த்தது முட்டை இருக்கும் நுண்பையைத்தான். முட்டையையே பார்க்க 1827 வரை, பேயர் ஒரு பெண் நாயின் சூலகத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் மொழியிலும் இந்தக் குழப்பத்தின் சாயல் உண்டு. வடமொழியிலிருந்து வந்த 'அண்டம்' முட்டையையும் குறிக்கும், ஆணின் விதையையும் குறிக்கும் (அண்டவாதம்). 'சூல்', 'சினை' என்ற சொற்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தனிப்பெயர் கிடைத்ததும் விடுதலை வந்துவிட்டதா? இல்லை. பெண்ணைப் பெண்ணாக்குவது சூலகம் மட்டுமே என்று 1844இல் பிரெஞ்சு மருத்துவர் ஷெரோ எழுதினார். குறைபட்ட ஆணாக இருந்தவள் இப்போது வெறும் சூலகமாகச் சுருங்கினாள். இதன் விலையை உடம்புகள் கொடுத்தன. 1872இல் அமெரிக்காவில் பேட்டி, ஜெர்மனியில் ஹேகர், இங்கிலாந்தில் டெய்ட் ஆகியோர் மாதவிடாய்த் துன்பத்துக்கு மருந்தாகச் சூலகங்களை வெட்டியெடுக்கத் தொடங்கினார்கள். பிறகு வலிப்பு, 'ஹிஸ்டீரியா', மனநோய் என்று பட்டியல் நீண்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் நோயில்லாத சூலகங்களை இழந்தார்கள்.

20ஆம் நூற்றாண்டில் கத்தி போய் உருவகம் வந்தது. கரு 5 மாதமாக இருக்கையில் சூலகங்களில் சுமார் 70 லட்சம் முட்டையணுக்கள் இருக்கும், பிறக்கும்போது அது சுமார் 20 லட்சமாகக் குறைந்துவிடும் என்று 1963இல் பேக்கர் கணக்கிட்டார். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை 400, 500தான். இதைப் பாடநூல்கள் 'அழிவு', 'வீண்' என்று எழுதின. கோடிக்கணக்கில் வீணாகும் விந்தணுவை வியப்போடு வருணித்தன. 1991இல் மானுடவியலாளர் எமிலி மார்ட்டின் இதை எடுத்துக் காட்டினார்.

இதைவிட ஆழமான சறுக்கல் ஒன்று உண்டு. 1947இல் பாரிஸில் யோஸ்த், கருவிலிருக்கும் முயல்களின் பாலினச் சுரப்பிகளை அகற்றினார். ஆண் கரு, பெண் கரு இரண்டிலும் பெண் இனப்பெருக்கப் பாதையே வளர்ந்தது. இந்தச் சோதனை கருப்பை, குழாய்கள் போன்ற பாதையைப் பற்றியது. சூலகம் எப்படி உருவாகிறது என்பதை அது சொல்லவே இல்லை. ஆனால் 'விதை உருவாக்கப்படுகிறது, சூலகம் தானாக அமைந்துவிடுகிறது' என்று வாசிக்கப்பட்டது. தானாக நடப்பதை யார் ஆராய்வார்கள்? 1990இல் விதையை உருவாக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணு கிடைத்தது. சூலகத்தின் மரபணுக்களைத் தேட ஆளில்லை. அதற்கு முன்பே, 1986இல், ஐக்கர், வாஷ்பர்ன் என்ற இரு பெண் மரபியலாளர்கள் இந்தச் சாய்வைச் சுட்டிவிட்டார்கள்: சூலகம் உருவாவதும் மரபணுக்கள் செய்யும் வேலைதானே என்று.

விடை பிறகுதான் வந்தது. ஆர்ஸ்போ1 மரபணு பழுதானால், எக்ஸ் எக்ஸ் குரோமோசோம் உள்ள மனிதரிடத்தில், எஸ்.ஆர்.ஒய். இல்லாமலே விதை உருவாகிறது என்று 2006இல் தெரிந்தது. 2009இல், வளர்ந்த பெண் எலியின் சூலகத்தில் ஃபாக்ஸ்எல்2 மரபணுவை நீக்கியபோது, முட்டையைச் சூழ்ந்த செல்கள் விதையின் செல்களைப்போல மாறின. ஆக, சூலகம் உருவாவதும் ஒரு செயல், சூலகமாகவே நீடிப்பதும் ஒரு செயல். எஸ்.ஆர்.ஒய்.யைக் கண்ட குழுவிலிருந்த லவல்-பேட்ஜ் இந்த ஆய்விலும் இருந்தார்.

இதிலிருந்து 'சூலகமே வீராங்கனை' என்று எதிர்ப்புராணம் பாட நான் தயாராக இல்லை. எலியின் மரபணுவிலிருந்து பெண்ணின் கடமையை வரவழைப்பதும் ஷெரோ செய்த வேலைதான். என் அக்கறை வேறு. கருத்தியல் கண்ணை மறைத்தது. அதைச் சுட்டியவர்கள் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறாமல், அங்கேயே நின்று அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். உடல்நலத் துண்டறிக்கை எழுதுகிற, பாடநூல் மொழிபெயர்க்கிற தோழர்கள் 'தானாக', 'வீணாக' போன்ற சொற்கள் வருமிடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். அங்கே யாரோ தேடாமல் விட்டிருக்கிறார்கள்.